தொட்டிலும் துடைப்பமும்

தாப்பாவிலிருந்து புறப்பட்டு, வளைவின் மேல் வளைவாக மலேசியாவின் கேமரன் மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும் பாதை ரிங்லெட்டைக் கடந்து ஹாபுவை நெருங்கும் தறுவாயில், மூடுபனி சற்றே மனமிரங்கி விலகுமானால், பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றின் சமூக அமைப்பு முழுவதையும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். காற்றும் காட்சியும் நன்றாக வாய்த்த மேட்டில் துரையின் பங்களா. அதற்குக் கீழே கணக்கர்களாகிய கிராணிமாரின் வீடுகள். அதற்கும் கீழே தொழிற்சாலை. தண்ணீர் வடியும் பள்ளத்தில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகளாகிய லயங்கள். இந்த ஏணியின் உச்சிப்படியிலும் அடிப்படியிலும், பிறர் பெற்ற பிள்ளையை இடுப்பில் ஏந்திய ஒரு பெண் ஒரு காலத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேலே நின்றவள் தமிழ்ப் பெண்ணானால் ஆயா, சீனப் பெண்ணானால் அமா; கீழே நின்றவளோ எக்காலத்திலும் ஆயாதான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவளிடம் வீட்டைக் கூட்டு, துணியைத் துவை, பாத்திரத்தைத் தேய் என்று சொல்லலாமா என்னும் கேள்வியை, இக்காலத்துப் பட்டணவாசிகள் தங்கள் அடுக்குமாடி வீடுகளிலே புதிதாகப் பிறந்த ஒரு பிரச்சினை என்று கருதுகிறார்கள். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் அக்கேள்விக்கு ஏறக்குறைய நூறு வருஷ சரித்திரம் உண்டு. அதை யாரும் கேள்வி வடிவில் கேட்கவில்லை என்பதும், கேட்காமலே எல்லாரும் அதற்கு ஒரே விடையைச் சொல்லிவந்தார்கள் என்பதுமே அந்தச் சரித்திரத்தின் விசேஷம்.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885இல் இம்மலைப் பிரதேசத்தைக் கண்டு குறித்துவிட்டுப் போன பிறகு, நாற்பது வருஷகாலம் இது, தொன்றுதொட்டு இங்கே வாழ்ந்துவரும் பூர்வகுடிகளைத் தவிர வேறு எவரும் நாடாத வனமாகவே கிடந்தது. 1925இல் ஸர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்து, வெப்பத்தில் வாடும் வெள்ளையருக்கு ஏற்ற ஓய்விடம் இதுவென்று தீர்மானித்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலையில் அனுபவம் முற்றிய ஏ. பி. மில்னைத் துணைக்கொண்டு போ என்னும் தேயிலைத் தோட்டத்துக்கு வித்திட்டார். 1931 வாக்கில் மலைப்பாதை பூர்த்தியாயிற்று. 1933இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தேயிலை தோன்றியது. காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் கீழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்தும் தாய்நாட்டிலிருந்தும் தமிழர்கள் மலையேறி வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்கள் உதவிபெற்று வருவதைத் தடைசெய்தது. புதிய கைகள் கடல் கடந்து வருவது நின்றபின், தோட்டத்தில் இருக்கும் பெண்ணின் கையும் அவள் பெற்றெடுக்கும் பிள்ளையும் துரைமாரின் கணக்கில் முன்னைவிட மதிப்புப் பெற்றது இயல்பே.

ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அக்காலத்து மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த கூலி விகிதம். பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து, 1937இல் அறிக்கை வெளியிட்ட மகாகனம் சீனிவாச சாஸ்திரியார், குறைத்த கூலியைப் பழைய நிலைக்கு உயர்த்தவேண்டுமென்று சிபாரிசு செய்தார். ஒருவர் சம்பாத்தியத்தில் அடுப்பெரியாத இத்தகைய வாழ்க்கையில், பிள்ளை பெற்றவள் வீட்டில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்ப்பது கனவிலும் கூடாத காரியம். அதிலும் ரப்பர்த் தோட்டத்துத் தாய்க்கு இருந்த ஒரு சிறு சலுகை தேயிலைத் தோட்டத்துத் தாய்க்கு இல்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இருள் பிரியுமுன் தொடங்கி ஏறக்குறைய நண்பகலோடு ஓய்ந்துவிடும். கொழுந்தோ, பொழுது சாயும்வரை கூடையை முதுகிலிருந்து இறங்கவிடாது. கடைசி நிறுவை முடிந்தபின்தான் அவள் லயத்துக்குத் திரும்ப முடியும். ஆகவே, தேயிலை மலையில் பிள்ளை பார்ப்பவளின் பகல், ரப்பர்க்காட்டில் அதே தொழிலைச் செய்தவளின் பகலைவிட நீண்டதாக இருந்தது. குளிரும் மழையும் அதனோடு சேர்ந்துகொண்டன.

அந்த நீண்ட பகலின் முதற்காவற்காரி யார் என்று விசாரித்தால், ஆயா என்பது விடையன்று. அக்காள் என்பதே விடை. ஏழு வயதும் எட்டு வயதும் நிரம்பிய சிறுமிகள், தம்பியை இடுப்பிலும் தங்கையைக் கையிலும் பற்றிக்கொண்டு, லயத்தின் வாசலில் நாள் முழுவதும் குடியிருந்தார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தபோதிலும், அக்காள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் தொட்டிலை ஆட்டுவது யார்? அவளுக்குக் கூலியும் இல்லை, நேரவரையறையும் இல்லை. பிள்ளையைப் பார்ப்பதோடு சோறு வடிப்பதும், குழாயடியில் தண்ணீர் பிடிப்பதும், விறகு பொறுக்குவதும், வாசல் கூட்டுவதும் அவள் தலையில் விழுந்தன. குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும், உலைச்சோறு தீய்ந்துபோனாலும், மாலையில் அடி வாங்குபவள் அவளே. பிள்ளை பார்ப்பதற்கும் வீட்டுவேலைக்கும் நடுவே கோடு இல்லை என்னும் எண்ணம், துரையின் பங்களாவில் பிறந்து கீழே இறங்கியது என்று சொல்வதற்கில்லை. நம் சொந்த லயத்து வாசலிலும் அது வேர்விட்டிருந்தது.

பிறகு வந்தது ஆயாக் கொட்டகை. இலங்கை மலையகத்தார் இதையே பிள்ளைக் காம்பரா என்பார்கள். மலாயாத் தமிழர் வாயில் அது ஆயாக் கொட்டாய். விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குச் சங்கு ஊதுமுன், கம்பளியில் பொதிந்த குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, மூடுபனிக்குள் தாய்மார் அங்கே வந்து சேருவார்கள். கூரையின் உத்தரத்தில் பழஞ்சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். தோட்டத்தில் கடின உழைப்புக்கு உடல் இடங்கொடாத கிழவியோ, கணவனை இழந்தவளோ அங்கே ஆயாவாக அமர்த்தப்படுவது பொதுவான வழக்கம். கொழுந்து கிள்ள முடியாதவளுக்குக் கொடுக்கப்பட்ட இலேசான வேலை என்பதே தோட்டத்து நிர்வாகத்தின் அபிப்பிராயம். இருபது முப்பது குழந்தைகள் ஒரே சமயத்தில் அழும் கொட்டகையை இலேசான வேலை என்று எழுதிய கைக்கு, ஒரு குழந்தையையாவது ஒரு முழுப்பகல் தூக்கிவைத்திருந்த அனுபவம் இருந்திருக்க நியாயமில்லை.

ஆயாவின் கடமைகள் எவை? பால் காய்ச்சுவாள்; கஞ்சி வைத்து ஊட்டுவாள்; ஈரத்துணி மாற்றி, அலசி, மலைக்காற்றில் உலராத அத்துணிகளை அடுப்பு அனலில் காயவைத்து எடுப்பாள்; காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோட்டத்து மருத்துவ உதவியாளராகிய டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள்; கொட்டகையைக் கூட்டிக் கழுவுவாள். இவ்வளவும் பிள்ளையைச் சேர்ந்த வேலை என்றே கொள்ளலாம். ஆனால், நடுப்பகலில் பிள்ளைகள் சற்றே கண்ணயர்ந்த வேளையில், கொட்டகையைச் சுற்றியுள்ள புல்லைச் செதுக்குவதும், பக்கத்துக் கட்டடத்தைக் கூட்டுவதும், யாராவது பெரிய அதிகாரி வருகிறாரென்றால் வழிநெடுகக் கிடக்கும் குப்பையை வாருவதும் பிள்ளையைச் சேர்ந்தவை என்று சொல்ல எந்தத் தருக்கமும் இடந்தராது. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அதற்கு வழங்கிய சமாதானம். உறங்கும் குழந்தையின் அருகே விழித்திருப்பவள் பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா இருப்பவளாகத் தோன்றுகிறாள். பெருக்கிய தரை பளிச்சென்று தெரியும். துவைத்த துணி கொடியில் ஆடும். நிறுத்த கொழுந்து செக்ரோல் என்னும் கணக்கேட்டில் ஏறும். விபத்து நேராமல் கழிந்த ஒரு பகலுக்கோ அடையாளம் என்று ஒன்றுமே இல்லை. அடையாளமில்லாத உழைப்பின் மேல் அடையாளமுள்ள உழைப்பை ஏற்றிவைத்தால்தான் கொடுத்த கூலி செரித்தது என்று எஜமானருக்குத் திருப்தி உண்டாகிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் துடைப்பம் வந்து சேர்ந்த வரலாற்றின் மூலகாரணம் இதுவே என்று எனக்குப் படுகிறது.

இனிப் பங்களாவுக்கு ஏறுவோம். 1934இல் மிஸ் கிரிஃபித்-ஜோன்ஸ் என்னும் மாது கேமரன் மலையில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினார். வெள்ளைக் குழந்தைகள் சீமைக்குப் போகாமலே குளிரில் வளர ஏற்ற மலை இது என்ற பெயர் பரவியது. அக்காலத்து ஐரோப்பிய இல்லங்களில் வேலையாட்களுக்கென்று ஒரு தனி வரிசைக்கிரமம் இருந்தது. சமையலுக்குக் குக்கி, உபசாரத்துக்குப் பாய், தோட்டத்துக்குக் கெபுன், தண்ணீர் சுமக்கவும் கழுவவும் துக்காங் ஆயர், குழந்தைக்கு ஆயா அல்லது அமா. வருமானம் கொழுத்த வீட்டில் இவர்கள் ஐவரும் இருந்தார்கள். ஆகவே ஆயா துடைப்பத்தைத் தொடவேண்டியதில்லை. சம்பளம் சுருங்கிய சின்னத்துரையின் வீட்டில் ஐந்து பேர் இரண்டு பேராகும்போது, நீங்கிய மூவரின் வேலையும் ஆயாவின் முந்தானையில் முடிச்சுப் போடப்பட்டது. எனவே, ஆயா வீட்டுவேலை செய்யவேண்டுமா என்பதை அந்நாளில் தீர்மானித்தது தருமசாஸ்திரமன்று. துரையின் சம்பளச் சீட்டு.

இவ்விஷயத்தில் நம்மவரைவிடச் சீனப் பெண்கள் தெளிவாக இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 1930களில் குவாங்டொங் மாகாணத்துச் சுண்டக் பகுதியிலிருந்து, மணவாழ்வை மறுத்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் தரித்து மலாயாவுக்கு வந்திறங்கிய அமாக்கள், தங்கள் தொழிலுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். குழந்தையைப் பார்ப்பவள் ஒரு வகை. சமைப்பவள் ஒரு வகை. துவைப்பவள் ஒரு வகை. எல்லாவற்றையும் தான் ஒருத்தியே செய்பவளுக்கு, ஒரே காலால் அத்தனையையும் உதைத்துத் தள்ளுபவள் என்று பொருள்படும் 'யாட் கெயுக் தெக்' என்னும் பெயர். பெயர் தனியாக இருந்ததால் பேரமும் தனியாக நடந்தது. நம் ஆயாவுக்கோ அப்படியொரு சொற்பிரிவினை வாய்க்கவில்லை.

அவளுக்கு வாய்த்த சொல்லே அவளுக்குப் பகையாயிற்று என்றும் சொல்லலாம். ஆயா என்ற சொல்லுக்குத் தாயகம் இரண்டு. போர்த்துக்கேயரின் 'அயா' கப்பலேறி வந்து, வெள்ளையர் வீட்டுத் தாதியைக் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டின் சில பகுதிகளிலோ ஆயா என்பது பாட்டியைக் குறிக்கும் நம் சொந்தச் சொல். பங்களாவின் படிக்கட்டில் துரைசானி கூப்பிட்ட ஆயா முதல் வகை. கொட்டகையில் மூக்கொழுகும் குழந்தை கூப்பிட்ட ஆயா இரண்டாம் வகை. ஒரே ஒலி ஓரிடத்தில் ஊழியத்தையும் மற்றோரிடத்தில் உறவையும் சொல்லிற்று. விளைவில் மட்டும் இரண்டுக்கும் பேதமில்லை. வேலைக்காரியாகக் கருதப்பட்டவள் மறுக்க உரிமையில்லாததால் வீட்டைக் கூட்டினாள். பாட்டியாகக் கருதப்பட்டவள், பேரப்பிள்ளை புழங்கும் இடத்தைக் கூட்டக் கூலி கேட்பாளா என்ற எண்ணத்தால் கூட்டவைக்கப்பட்டாள்.

நம் முன்னோர் இவ்விஷயத்தை இவ்வளவு குழப்பத்தோடு பார்க்கவில்லை. அகப்பொருள் இலக்கணம் பெற்ற தாயாகிய நற்றாய்க்குப் பக்கத்தில் வளர்த்த தாயாகிய செவிலிக்கும் பேசும் உரிமையைக் கொடுத்துக் 'கூற்று' வகுத்தது. நிகண்டும் உரைகளும் செவிலித்தாயரை ஐவராகப் பகுத்து, ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் என்று பெயர் சூட்டின. நீராட்ட ஒருத்தி, உணவூட்ட ஒருத்தி, தாலாட்ட ஒருத்தி, பேச்சுப் பழக்க ஒருத்தி, ஏந்தித் திரிய ஒருத்தி. அரண்மனைக் குழந்தைக்கு வகுத்த ஏற்பாடு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆயினும், ஒரு குழந்தையை வளர்ப்பதிலே ஐந்து முழுத்தொழில்கள் அடங்கியிருக்கின்றன என்பதை உணர்ந்தவர்கள் அப்பெயர்களை இட்டார்கள் என்பதை மறுக்கமுடியாது. அந்த ஐந்தில் பெருக்குவாளும் இல்லை, துலக்குவாளும் இல்லை. ஆயாக் கொட்டகையிலே அந்த ஐந்து பேரும் ஒருத்தியாகி, அந்த ஒருத்தி முப்பது பிள்ளைகளுக்கு ஆட்டுவாளும் ஊட்டுவாளும் ஓலுறுத்துவாளுமாகி, ஆறாவதாகப் பெருக்குவாளும் ஆனாள்.

ஐரோப்பாவிலும் இந்தப் பிரிவினையை வற்புறுத்தியவர்கள் இல்லாமலில்லை. 1892இல் லண்டனில் எமிலி வார்டு அம்மையார் நார்லாந்து என்னும் பயிற்சி நிலையத்தைத் தொடங்கி, பிள்ளை வளர்ப்பை ஒரு கல்வியாகவே போதித்து, அங்கே பயின்ற பெண்களைச் சாதாரண வேலைக்காரிகளாக நடத்தலாகாது என்று எஜமானர்களுக்கு உணர்த்தினார். ஆனால் அந்த மரியாதை, சீமையில் படித்த தாதியோடு நின்றுவிட்டது. கப்பலில் வெள்ளைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சீமைவரை சென்று, அங்கே கைவிடப்பட்டு, லண்டன் ஹாக்னியில் இருந்த ஆயாக்கள் இல்லத்தில் திரும்பும் கப்பலுக்காகக் காத்திருந்த நம் நாட்டுப் பெண்களை அது எட்டவில்லை.

சட்டமாவது கோடு கிழித்ததா? இந்தியாவில் 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்றும், குழந்தைப் பராமரிப்பில் பயிற்சிபெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்கவேண்டும் என்றும் விதித்தது. பயிற்சி என்ற அச்சொல், பிள்ளை பார்ப்பதும் ஒரு வித்தை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. மலாயாவில் 1955ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டமோ வீட்டுப் பணியாளர் யார் என்று விளக்கப் புகுந்து, சமையற்காரர், பட்லர், குழந்தைத் தாதி, தோட்டக்காரர், சலவையாளர், காவற்காரர், குதிரைக்காரர் ஆகிய அனைவரையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டது. அடைத்தபின், வாராந்தர ஓய்வுநாள், வேலைநேர வரம்பு, பிரசவ உரிமை முதலிய பாதுகாப்புகளிலிருந்து அவர்களை விலக்கியும் வைத்தது. 14 நாள் முன்னறிவிப்போடு வேலையை விட்டு நீக்கலாம் என்றது. இதன் விசித்திரம் தேயிலைத் தோட்டத்தில்தான் நன்றாகப் புலப்படும். கொட்டகையில் பிள்ளை பார்த்தவள் தோட்டத்தின் தொழிலாளி. அவளுக்கு ஓய்வுநாள் உண்டு. அவளே மேட்டில் ஏறித் தனிவீடாகிய பங்களாவில், அங்குள்ளவர்களின் சம்பளத்தில் அதே தாலாட்டைப் பாடினால், அவள் வீட்டுப் பணியாள். அவளுக்கு ஓய்வுநாள் சட்டப்படி இல்லை. குழந்தை மாறியதால் உரிமை மாறியது. 2023 தொடங்கியபோது நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 'வேலைக்காரர்' என்ற சொல் போய் 'வீட்டுப் பணியாளர்' என்ற சொல் வந்தது. பெயரில் வந்த மரியாதை ஓய்வுநாள்வரை இன்னும் நடந்துசேரவில்லை.

2012ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் இப்பழைய வழக்கு, நாடுகளுக்கிடையிலான தகராறாகவே வெடித்தது. இனி மலேசியாவுக்கு வரும் தம் நாட்டுப் பெண்கள், வீட்டைப் பராமரிப்பது, சமைப்பது, குழந்தையைப் பார்ப்பது, முதியோரைப் பார்ப்பது என்னும் நான்கில் ஒன்றை மட்டுமே செய்வார்கள், மாதச் சம்பளம் 700 ரிங்கிட் என்று இந்தோனேசிய அதிகாரிகள் அறிவித்தார்கள். ஒருத்திக்கு ஒரு வேலை என்றால் ஒரு வீட்டுக்கு நான்கு பேரையா வைப்பது என்று மலேசியாவில் எழுந்த கூக்குரலில் அந்த யோசனை கரைந்துபோயிற்று. 2022 ஏப்ரலில் இரு நாடுகளும் புதிய உடன்படிக்கை செய்துகொண்டபோது குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் ஆயிற்று. நான்கு தொழிலையும் நான்கு பேருக்குப் பிரிக்கும் பேச்சு மீண்டும் தலையெடுக்கவில்லை. எழுபது எண்பது வருஷங்களுக்கு முன்னரே அமாக்கள் தங்களுக்குள் பெயரிட்டுப் பிரித்துவைத்திருந்ததை, ஓர் அரசாங்கம் கேட்டபோது அது வேடிக்கையாகத் தோன்றியது.

அன்று எழுந்த கூக்குரலில் நம்மவர் குரலும் கலந்திருந்தது என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. கேமரன் மலையின் தேயிலை நிரைகளில் இன்று கத்தரிக்கோலும் இயந்திரமும் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து தனியாளாக வந்தவர்கள். பிள்ளைகுட்டிகளோடு வரும் வழக்கம் இல்லாத அவர்களால் ஆயாக் கொட்டகைக்கு வேலையில்லை. 1990ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, தோட்டத்துக் குழந்தைகளுக்குக் காப்பகம் கட்டுமாறு முதலாளிக்கு உத்தரவிட இன்றும் இடமளிக்கிறது. தூளியில் கிடக்கத்தான் குழந்தையில்லை. லயத்தில் பிறந்து, கொட்டகையில் வளர்ந்து, படித்து, மலையிறங்கிப் போன தலைமுறை ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வீடுகட்டி, கணவன் மனைவி இருவரும் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளை பார்க்க அயல்நாட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். குழந்தை உறங்கும்போது அவள் சும்மாதானே இருக்கிறாள் என்ற அந்தப் பழைய வாக்கியம், தோட்டத்து நிர்வாகத்தின் வாயிலிருந்து புறப்பட்டு, ஆயாவின் பேரன் வாய்க்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிள்ளை பார்ப்பவள் ஒரு துரும்பையும் எடுத்துப்போடலாகாது என்று வாதிப்பது என் நோக்கமன்று. குழந்தையின் பால்புட்டியும், அதன் துணியும், அதன் கஞ்சியும், அது உருளும் பாயும் அவள் தொழிலின் அங்கங்களே. கொட்டகை ஆயா இவற்றை ஒருபோதும் பாரமாக எண்ணியிருக்கமாட்டாள். வீட்டாரின் துணியும் விருந்தாளியின் எச்சில் தட்டும் காரின் தூசியும் வேறொரு தொழில். அதை அவளிடம் கேட்கவேண்டுமானால், வேலைக்கு அமர்த்துமுன் கேட்டு, அவள் சம்மதித்தால், அதற்கு வேறு கூலியும் வேறு நேரமும் வைத்துக் கேட்பதே நியாயம். ஐயம் வரும் இடங்களில் தீர்ப்புச் சொல்ல ஓர் எளிய அளவுகோல் உண்டு: அந்த வேலையை அவள் செய்துகொண்டிருக்கும் வேளையில், குழந்தையின் மேல் யாருடைய கண் இருக்கிறது?

தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கும் கிழவியை நம்மில் வயது முதிர்ந்தவர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள். ஒரே சமயத்தில் இரண்டு வேலையும் நடக்கின்றனவே என்று வியந்தும் இருக்கிறார்கள். சற்று உற்றுப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்: தூளிக்குள்ளிருந்து ஒரு சிணுங்கல் எழுந்த கணத்தில், முறம் கீழே இறங்கிவிடும், கால்விரலில் மாட்டிய கயிறு ஒருபோதும் இறங்காது. எந்த வேலை முதல், எந்த வேலை இரண்டாவது என்பது அவளுக்கு யாரும் கற்பிக்கவேண்டியிராத விஷயம்.